விலக்குப் பட்டியல்

கம்ப்யூட்டர் இப்போது நன்றாக ஓடுகிறது. பேஜ்மேக்கரைச் சொடுக்கினால் சொடுக்கிய கையோடு திறந்துகொள்கிறது. பக்கத்தைத் திருப்பினால் வரிகள் ஒவ்வொன்றாக வந்து உட்காருவதில்லை, மொத்தப் பக்கமும் சட்டென்று வந்து நிற்கிறது. கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் “அப்பாடா, ஒருவழியா சரியாச்சே” என்கிறார்கள். எனக்குத்தான் அந்த வேகம் ஒட்டவில்லை. மெஷின் மெதுவாக இருந்தபோது ஏன் ஏன் என்று ஆளாளுக்குக் கேட்டோம். வேகமாக ஓடத் தொடங்கியதும் அந்தக் கேள்வி நின்றுவிட்டது. இத்தனை காலம் அது எதற்காக நின்று நின்று போய்க்கொண்டிருந்ததோ, அந்தக் காரணம் என்ன ஆயிற்று? தீர்ந்துபோயிற்றா, அல்லது தீர்க்காமலே ஓரமாக ஒதுக்கி வைத்துவிட்டோமா? புரூஃப் திருத்திக்கொண்டிருக்கும்போதுகூட இது இடையில் வந்து குறுக்கே நிற்கிறது.

ராயப்பேட்டையில் ஒரு மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது அந்த டி.டி.பி. கடை. எங்கள் பத்திரிகையின் பக்கங்கள் அங்கேதான் தயாராகின்றன. சூடான டோனர் வாசனை, சுவரோரம் சுருட்டி வைத்த பட்டர் ஷீட், எழுத்து தேய்ந்து வழுவழுவென்று ஆகிவிட்ட கீபோர்டு. கடையை நடத்தும் அம்மா தமிழ்த் தட்டச்சில் ஹையர் தேறியவர், கட்டைகளைப் பார்க்கவே மாட்டார். மெஷின் திணறும் நேரங்களில் அவர் ஒரு முழு வாக்கியத்தை அடித்து முடித்திருப்பார், திரையில் ஒரு எழுத்தும் வந்திருக்காது. கைகளை மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பார். பிறகு அத்தனை எழுத்தும் மடமடவென்று கொட்டும். நடுவில் ஒரு கட்டை தவறியிருந்தால் அப்போதுதான் தெரியும். அவருடைய காத்திருப்பில் கோபம் இருக்காது, ரேஷன் கடை வரிசையில் நிற்பவர்களிடம் பார்க்கிற ஒருவகை ஒப்புக்கொடுப்புதான் இருக்கும். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் எனக்கு இந்த விஷயத்தில் ஆர்வம் வந்தது என்று நினைக்கிறேன். தனக்குத் தெரியாத ஏதோ ஒன்று தன் நன்மைக்காகவே தன்னை நிறுத்தி வைத்திருக்கிறது என்று அவர் நம்பினார். அந்த நம்பிக்கை ஓரளவு உண்மையும்கூட.

சர்வீஸ் பையன் வந்து பார்த்ததும் சிரித்தான். “அக்கா, இதுல ரெண்டு ஆண்டிவைரஸ் ஓடுதுக்கா. ஒண்ணு மெஷின் வாங்கும்போதே வந்தது, லைசென்ஸ் எப்பவோ முடிஞ்சுபோச்சு. இன்னொண்ணு யாரோ ஃப்ரீயா இறக்கியிருக்காங்க. ரெண்டும் ஒண்ணையொண்ணு செக் பண்ணிக்கிட்டு உக்காந்திருக்கு.” அவன் வேடிக்கையாகச் சொன்னாலும் நடப்பது ஏறக்குறைய அதுதான். விண்டோஸில் எந்த மென்பொருளாவது ஒரு ஃபைலைத் திறக்கக் கேட்டால், அந்தக் கேள்வி டிஸ்குக்குப் போகும் வழியில் ஆண்டிவைரஸ் தன்னுடைய வடிகட்டி ஒன்றை வைத்திருக்கிறது. ஃபைலை அது முதலில் படித்துப் பார்க்கும், தெரிந்த வைரஸ்களின் அடையாளங்களோடு ஒப்பிடும், ஜிப் போல மூட்டை கட்டியிருந்தால் அவிழ்த்துப் பார்க்கும், பிறகு போகவிடும். இரண்டு ஆண்டிவைரஸ்கள் இருந்தால், சோதிப்பதற்காக ஒன்று ஃபைலைத் திறப்பதே இன்னொன்றின் கண்ணில் புதிதாக ஒரு திறப்பு. லைசென்ஸ் முடிந்ததற்குப் புது அடையாளங்கள் வராது, ஆனால் பழைய அடையாளங்களை வைத்துக்கொண்டு சோதனை மட்டும் விடாமல் நடக்கும், நடுநடுவே பணம் கட்டச் சொல்லி மூலையில் ஒரு பெட்டி எழும்பும். எதைத் தேட வேண்டும் என்பது பழசாகிப்போன பிறகும் தேடுவது மட்டும் நிற்காமல் நடக்கிற இந்த நிலைமை எனக்குச் சில அலுவலகங்களை நினைவூட்டியது, அதை விடுங்கள். வழக்கமான முறையில் நீக்கினால் அந்த வடிகட்டிகள் அடியிலேயே தங்கிவிடுவதுண்டு. அதற்கென்று கம்பெனிகளே தனியாக நீக்கும் கருவி கொடுக்கின்றன. பையன் அதையும் போட்டு இரண்டையும் எடுத்தான். எடுத்த உடனே விண்டோஸின் சொந்த டிஃபெண்டர் விழித்துக்கொண்டது. இன்னொருவர் பொறுப்பில் இருக்கும்வரை ஒதுங்கி இருப்பதும், அவர் போனதும் தானாக வந்து நாற்காலியில் உட்காருவதும் அதன் சுபாவம்.

அப்படியும் வேகம் பாதிதான் வந்தது. டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் என்ற பத்தி நூறு சதவீதத்தில் சிவந்து நின்றது. காது கொடுத்துக் கேட்டால் பெட்டிக்குள் கரக் கரக் என்று ஹார்ட் டிஸ்க்கின் முள் இங்கும் அங்கும் ஓடுவது கேட்கும். இந்தச் சத்தத்தை இன்றைக்குப் புது லேப்டாப் வாங்குகிறவர்கள் கேட்டிருக்க மாட்டார்கள். சுழலும் தட்டில் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு முள் போய்ச் சேர, தட்டு சுற்றி வர, ஒரு தடவைக்குப் பத்து மில்லிசெகண்டு சுமார் ஆகும். அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கும் சின்னச் சின்ன ஃபைல்களைப் படிப்பதென்றால் நொடிக்கு நூறு தடவைக்குக் கொஞ்சம் முன்பின்னாக இருக்கும், அவ்வளவுதான். எஸ்.எஸ்.டி.யில் இது பல்லாயிரக்கணக்கில் நடக்கும். டி.டி.பி. கடை என்றால் ஃபாண்ட் ஃபோல்டர் இருக்கும். அதில் இருபத்தைந்து வருஷமாக யார் யாரோ கொண்டுவந்து போட்ட ஆயிரக்கணக்கான தமிழ் ஃபாண்டுகள், ஒன்றின் கட்டை இன்னொன்றுக்கு ஒத்துவராத குழப்பத்தோடு குவிந்து கிடக்கும். அத்தனையையும் சோதனை போடுவது புது மெஷினில் கண்ணுக்கே தெரியாது, இந்த மெஷினில் ஒரு காலைப்பொழுது போய்விடும். ஒரே சந்தேகத்துக்கு எஸ்.எஸ்.டி. வைத்திருப்பவர் எதுவும் கொடுப்பதில்லை, பழைய தட்டு வைத்திருப்பவர் நாளில் பாதியைக் கொடுக்கிறார். பாதுகாப்பு என்பதை எல்லாருக்கும் பொதுவான நன்மையாகத்தான் பேசுகிறோம். அதற்கான விலையை யார் எந்த நாணயத்தில் கட்டுகிறார்கள் என்று பேசுவதில்லை. இந்த அம்மா அதை நேரமாகக் கட்டினார். பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவருக்கு நேரம்தானே காசு.

இதைவிட என்னைத் தொந்தரவு செய்தது வேறொரு சம்பவம். அந்த இலவச ஆண்டிவைரஸ் இருந்த காலத்தில் ஒருநாள் கடையில் தமிழ் அடிக்க முடியவில்லை. எந்தக் கட்டையைத் தட்டினாலும் ஆங்கிலமே வந்தது. தேடிப் பார்த்தால் கீபோர்டு மென்பொருளைக் காணோம். ஆண்டிவைரஸ் அதை எடுத்துக் குவாரன்டைனில் பூட்டியிருந்தது. தமிழில் அடிக்க வேண்டும் என்பதற்காக யாரோ ஒரு ஆர்வலர் தன் ஓய்வு நேரத்தில் எழுதி இலவசமாகக் கொடுத்த சின்ன மென்பொருள் அது. முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. யோசித்துப் பார்த்தபோது ஆண்டிவைரஸின் பக்கத்திலும் நியாயம் இருப்பது தெரிந்தது. இந்த மாதிரி கீபோர்டு மென்பொருள் செய்வது என்ன? நீங்கள் எந்த மென்பொருளில் எதை அடித்தாலும், அந்தத் தட்டல் அங்கே போய்ச் சேரும் முன் வழியிலேயே பிடித்துக்கொள்கிறது. அதை வேறொன்றாக மாற்றி உள்ளே விடுகிறது. பாஸ்வேர்டு திருடுகிற கீலாகரும் கட்டைகளை வழியில் இதே மாதிரிதான் பிடிக்கிறது. அது எழுதி வைத்துக்கொண்டு யாருக்கோ அனுப்புகிறது, இது கே-வை க-வாக மாற்றிக் கொடுக்கிறது. பிடிக்கிற கை இரண்டுக்கும் ஒன்று. ஆங்கிலத்தில் எழுதுகிறவருக்கு நடுவில் இப்படி ஒரு கையே தேவைப்படாது.

சரி, தெரியாமல் பிடித்துவிட்டது, பிறகாவது நல்ல பிள்ளை என்று தெரிந்துகொள்ளக் கூடாதா? அங்கேதான் இன்னொரு சிக்கல். இப்போதைய பாதுகாப்பு மென்பொருள்கள் ஒரு நிரல் என்ன செய்கிறது என்பதோடு அதை எத்தனை பேர் வைத்திருக்கிறார்கள் என்றும் பார்க்கின்றன. லட்சக்கணக்கான மெஷின்களில் ஓடி எந்தப் புகாரும் இல்லையென்றால் நற்பெயர் வந்துவிடும். எழுதியவரின் டிஜிட்டல் கையொப்பம் இருந்தால் இன்னும் நல்லது, ஆனால் அந்தக் கையொப்பச் சான்றிதழுக்குப் பணம் கட்ட வேண்டும், காலாவதி ஆனால் மறுபடியும் கட்ட வேண்டும். ஓய்வு நேரத்தில் தமிழ்க் கீபோர்டு எழுதுகிறவர் எதற்குக் கட்டப் போகிறார்? ஆக, கையொப்பம் இல்லை, பயன்படுத்துவோர் குறைவு, கட்டைகளை நடுவழியில் பிடிக்கிறது. மூன்றையும் கூட்டினால் திருடன் என்றுதான் விடை வரும். முந்நூறு பிரதி அச்சடிக்கிற பத்திரிகையில் எழுதுகிறவனுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. அரிதாக இருப்பதே ஒரு பொருளைச் சந்தேகத்துக்கு உரியதாக்குகிறது. அதைச் செய்வது யாருடைய கெட்ட எண்ணமும் கிடையாது, புள்ளிவிவரம். கெட்ட எண்ணம் உள்ளவரோடு சண்டை போடலாம், புள்ளிவிவரத்தோடு எப்படிப் போடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

டிஃபெண்டரைக் கொஞ்ச நேரம் நிறுத்திவைக்கலாமா என்று அந்த அம்மா கேட்டபோது பையன் டாஸ்க் மேனேஜரில் அதன் பெயரைச் சொடுக்கி, முடித்துவை என்று கொடுத்துக் காட்டினான். அனுமதி மறுக்கப்பட்டது என்று பதில் வந்தது. அவருடைய மெஷின், அவர் காசு கொடுத்து வாங்கியது, அட்மினிஸ்ட்ரேட்டராக உள்ளே இருப்பவரும் அவரே. அப்படியும் இல்லை என்றது. “என் மெஷின்ல எனக்கே இல்லைன்னு சொல்லுதே” என்றார். செட்டிங்ஸில் போய் அணைக்கலாம், ஆனால் கொஞ்ச நேரம் கழித்து அது தானாகவே திரும்ப எரிந்துகொள்ளும். 2019 முதல் டாம்பர் புரொடக்‌ஷன் என்று ஒரு பூட்டு வேறு சேர்ந்துவிட்டது, வேறு மென்பொருள்கள் பின்பக்கமாக வந்து அதை அணைக்க முடியாது. முதலில் இது திமிராகத் தோன்றும். கொஞ்சம் நிதானித்தால் வேறொன்று புலப்படும். வைரஸ் என்பது எங்கிருந்தோ சுவரேறிக் குதித்து வருவது குறைவு. பெரும்பாலும் நாமே சொடுக்கித்தான் அது ஓடத் தொடங்குகிறது, ஓடத் தொடங்கியதும் நம்முடைய பெயரிலேயே, நம்முடைய அதிகாரத்திலேயே எல்லாவற்றையும் செய்கிறது. நீங்கள் அழிக்கக்கூடியதை அது அழிக்கும், நீங்கள் அணைக்கக்கூடியதை அது அணைக்கும். மெஷினுக்குள் இருந்து பார்த்தால் சொடுக்கியது அந்த அம்மாவின் விரலா, அவர் பெயரில் ஓடுகிற ஏதோ ஒன்றா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. ஆகவே உடைமைக்காரரைக் காப்பாற்ற வந்தது உடைமைக்காரரின் சொல்லையும் நம்பாமல் இருக்க வேண்டியிருக்கிறது. இது எனக்குப் புரிகிறது. புரிந்தும் பிடிக்கவில்லை. உன் நன்மைக்காக உன் பேச்சைக் கேட்க மாட்டேன் என்று சொல்பவர்களை வீட்டிலும் நாட்டிலும் நிறையப் பார்த்தாயிற்று. அவர்களில் எத்தனை பேரிடம் இதைப் போல ஒரு தர்க்க நியாயம் இருந்தது என்பது வேறு விஷயம்.

காவலும் களவும் இப்படி ஒன்றின் சாயலில் இன்னொன்று இருப்பது இன்று நேற்று வந்ததில்லை. 1971இல் ஆர்பாநெட்டில் மெஷினுக்கு மெஷின் நகர்ந்துபோன க்ரீப்பர் என்ற சோதனை நிரலைத் துரத்திப் பிடிக்க எழுதிய ரீப்பரும் அதே மாதிரி மெஷினுக்கு மெஷின் நகர்ந்துபோகிற ஒன்றுதான். பி.சி.க்களில் பரவிய முதல் வைரஸ் என்று சொல்லப்படுகிற ‘ப்ரெய்ன்’ 1986இல் லாகூரில் பிறந்தது. பாசித் ஃபாரூக் ஆல்வி, அம்ஜத் ஃபாரூக் ஆல்வி என்ற சகோதரர்கள் எழுதியது. தாங்கள் எழுதிய மருத்துவ மென்பொருளை யாரும் திருட்டு நகல் எடுக்காமல் இருக்கவே அதைச் செய்தோம் என்பது அவர்கள் சொன்ன காரணம். ஆக, அது காவலாகத்தான் வெளியே வந்தது. ஃப்ளாப்பியின் பூட் செக்டரில் போய் உட்காரும். யாராவது அந்த இடத்தைப் படித்துப் பார்க்க வந்தால் பழைய, சுத்தமான பிரதியை எடுத்துக் காட்டிவிட்டுத் தான் ஒளிந்துகொள்ளும். உள்ளே சகோதரர்களின் பெயரும் கடை முகவரியும் தொலைபேசி எண்களும் இருந்தன; தடுப்பூசி வேண்டுமென்றால் தங்களைத் தொடர்புகொள்ளச் சொல்லி ஒரு அறிவிப்பும் இருந்தது. இன்றைக்கு நினைத்துப் பார்க்க முடியாத அப்பாவித்தனம். அது கம்ப்யூட்டரை நாசம் செய்ததாகப் பெரிதாகச் சொல்வதற்கில்லை. ஃப்ளாப்பி டிரைவை மெதுவாக்கியது, முக்கியமான தொல்லை அதுதான். மெஷின் மெதுவானால் வைரஸ் வந்திருக்கும் என்ற எண்ணம் நம் ஜனங்கள் மனதில் ஆழமாகப் பதிந்திருக்கிறது. அந்த அறிகுறி இன்றைக்கு ஆண்டிவைரஸின் அடையாளமாகிவிட்டது. உண்மையான களவு மென்பொருளோ மெஷினை மெதுவாக்காமல் இருக்கப் பார்க்கிறது, தெரிந்துவிட்டால் பிழைப்பு போய்விடுமே.

எல்லாவற்றையும் ஒரேயடியாகச் சோதித்து முடித்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாதா என்று கேட்டால், முடியாது என்பதற்குக் கணக்காகவே நிரூபணம் இருக்கிறது. தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த ஃப்ரெட் கோஹென் 1983 நவம்பரில் ஒரு வகுப்பில் வைரஸைச் செய்து காட்டினார். அடுத்த ஆண்டு கட்டுரையாக எழுதியபோது அதில் இந்த வாதத்தையும் வைத்தார். எந்த நிரலைக் கொடுத்தாலும் அது வைரஸா இல்லையா என்று தவறாமல் சொல்லிவிடும் சோதகர் ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இப்போது ஒருவன் ஒரு நிரல் எழுதுகிறான். அது ஓடத் தொடங்கியதும் அந்தச் சோதகரைக் கூப்பிட்டுத் தன்னைப் பற்றியே கேட்கும். வைரஸ் என்று பதில் வந்தால் ஒன்றும் செய்யாமல் சும்மா இருந்துவிடும். வைரஸ் இல்லை என்று வந்தால் அந்தக் கணமே பரவத் தொடங்கும். சோதகர் எதைச் சொன்னாலும் பொய்யாகிவிடும். ஆகவே அப்படி ஒரு சோதகர் இருக்க முடியாது. நான் இதை முதலில் படித்தபோது பள்ளிக்கூடத்து விடுகதை மாதிரி இருக்கிறதே என்று விட்டுவிட்டேன். ஆனால் அந்த ஹார்ட் டிஸ்க் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது இதற்கு ஒரு எடை வந்தது. சந்தேகத்துக்குத் தன்னளவில் முடிவு கிடையாது. எங்கே நிறுத்துவது என்பதை யாராவது வெளியே இருந்து முடிவுசெய்ய வேண்டும். கம்பெனிக்காரர்கள் முடிவுசெய்கிறார்கள்: இவ்வளவு ஆழம் வரை மூட்டையை அவிழ், அதற்குமேல் விட்டுவிடு, ஒருமுறை பார்த்த ஃபைல் மாறவில்லையென்றால் மறுபடி பார்க்காதே, திட்டமிட்ட ஸ்கேனில் சி.பி.யு.வைச் சராசரியாகப் பாதிக்கு மேல் எடுக்காதே. இந்த எண்களை யாரோ எங்கோ உட்கார்ந்து சமரசமாக வைத்திருக்கிறார்கள். நாம் அதைப் பாதுகாப்பு என்று கூப்பிடுகிறோம்.

சமரசம் பிசகினால் என்ன ஆகும் என்பதற்கு உலகம் முழுக்கச் சாட்சி இருக்கிறது. 2010 ஏப்ரல் 21 அன்று மெக்காஃபி அனுப்பிய அடையாளக் கோப்பு ஒன்று விண்டோஸ் எக்ஸ்.பி.யின் எஸ்விசிஹோஸ்ட் என்ற அடிப்படைக் கோப்பையே வைரஸ் என்று பிடித்துக்கொண்டது. அலுவலகங்களிலும் பல்கலைக்கழகங்களிலும் மெஷின்கள் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டே இருந்தன. 2024 ஜூலை 19 அன்று க்ரவுட்ஸ்ட்ரைக் அனுப்பிய ஒரு சின்ன அப்டேட் சுமார் 85 லட்சம் விண்டோஸ் மெஷின்களை நீலத்திரையில் நிறுத்தியது. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். முதல் சம்பவத்தின்போது மெக்காஃபியில் தலைமைத் தொழில்நுட்ப அதிகாரியாக இருந்தவர்தான் இரண்டாவதன்போது க்ரவுட்ஸ்ட்ரைக்கின் தலைமைச் செயல் அதிகாரி. இதை வைத்து அவரைக் குற்றம் சொல்ல எனக்குத் தோன்றவில்லை, மெஷினின் அடிமடி வரை அனுமதி வாங்கிய எதுவும் ஒருநாள் இப்படித்தான் விழும். நல்லவனாக இருந்து விழுவது ஒன்று. அவாஸ்ட் கதை வேறு. இலவச ஆண்டிவைரஸ் வழியாகத் திரட்டிய மக்களின் இணைய உலாவல் விவரங்களை ஜம்ப்ஷாட் என்ற கிளை நிறுவனத்தின் மூலம் விற்றது, விஷயம் வெளியே வந்து 2020 ஜனவரியில் அந்தக் கிளையை மூடியது, 2024இல் அமெரிக்க வணிக ஆணையத்துக்கு ஒரு கோடியே 65 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. ஒவ்வொரு ஃபைலையும் பார்க்க அனுமதி கொடுத்தவர்கள், பார்த்ததை என்ன செய்வாய் என்று கேட்கவில்லை.

இனி அந்தக் கடையின் வேகத்துக்கு வருகிறேன். டிஃபெண்டரிலும் மெஷின் திணறியதும் பையன் ஒரு வேலை செய்தான். அதன் செட்டிங்ஸில் எக்ஸ்க்ளூஷன்ஸ் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. இதில் எழுதி வைத்த ஃபோல்டர்களை அது பார்க்காது, திறக்கும்போதும் பார்க்காது, ஸ்கேன் போட்டாலும் பார்க்காது. ஃபாண்ட் ஃபோல்டரை அதில் போட்டால் போதும். பையன் டி டிரைவ் மொத்தத்தையும் போட்டுவிட்டான். “இனிமே பிரச்சினையே இல்லக்கா.” உண்மைதான், அந்த நிமிஷத்திலிருந்து மெஷின் பறக்கிறது. ஆனால் அந்தக் கடையில் சி டிரைவில் விண்டோஸ் மட்டும்தான், வேலை எல்லாம் டி டிரைவில். வாடிக்கையாளர் பென் டிரைவ் கொண்டுவந்தால் முதலில் டி டிரைவில்தான் காப்பி ஆகும். கல்யாணப் பத்திரிகைக்குப் புகைப்படம், கல்லூரி மாணவரின் புராஜெக்ட், வாட்ஸப்பில் வந்த பி.டி.எஃப்., எல்லாமே அங்கேதான் இறங்குகின்றன. சென்னைக் கடைகளில் ஒரு பென் டிரைவ் ஒரே நாளில் எத்தனை மெஷின்களில் ஏறி இறங்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆட்டோரன் வைரஸ்கள் நம் பிரவுசிங் சென்டர்களை ஆட்டிவைத்த காலத்தைப் பார்த்தவர்கள் நாம். பென் டிரைவ் செருகியதுமே அதில் இருப்பது தானாக ஓடுகிற வசதியை மைக்ரோசாஃப்ட் பழைய விண்டோஸ்களில் முடக்கியது 2011இல்தான். ஆக, வெளியிலிருந்து எது வந்தாலும் முதலில் கால்வைக்கும் இடத்திலிருந்துதான் காவல் விலக்கப்பட்டிருக்கிறது. அந்த அம்மாவிடம் சொன்னேன். “தெரியும் சார். புத்தகக் கண்காட்சி முடியட்டும், எஸ்.எஸ்.டி. போட்டுட்டு அதை எடுத்துடறேன். இப்ப மெஷின் படுத்துதுன்னா என் பொழப்பு என்ன ஆகறது?” அவர் சொன்னதில் எனக்கு மறுபேச்சு இல்லை. டிசம்பரில் டி.டி.பி. கடை நடத்துகிறவரிடம் போய்ப் பாதுகாப்பு பேச எனக்கு என்ன தகுதி, என் பத்திரிகையின் பக்கங்களும் அந்த வேகத்தில்தானே முடிந்தன.

பட்டியல் என்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. எங்கேயாவது நிறுத்தத்தான் வேண்டும் என்று கோஹெனின் கணக்கே சொல்கிறது, அப்படி நிறுத்துகிற இடத்தைக் கம்பெனி முடிவுசெய்வதைவிட மெஷினுக்கு உரியவர் முடிவுசெய்வது மேல். எனக்கு உறுத்துவது, அந்த முடிவை அவர் எடுக்கவில்லை என்பது. அவசரம் எடுத்தது, பழைய தட்டு எடுத்தது. இதே பட்டியலில் கள்ளர்களுக்கும் அக்கறை உண்டு. காசு கொடுக்காமல் மென்பொருளை ஓட்ட வழி சொல்கிற குறிப்புகளில் முதல் வரி ஆண்டிவைரஸை நிறுத்திக்கொள் என்பதாகத்தான் இருக்கும். பல களவு நிரல்கள் உள்ளே வந்ததும் செய்கிற முதல் வேலை, தான் தங்கும் ஃபோல்டரின் பெயரை யாரும் அறியாமல் இந்தப் பட்டியலில் எழுதிவிடுவது. மெஷின் வேகம் குறையாது, பெட்டி எதுவும் எழும்பாது, எல்லாம் பத்திரம் என்று பச்சை டிக் மட்டும் இருக்கும்.

இதைப் படிக்கிறவர்களிடம் விண்டோஸ் மெஷின் இருந்தால் ஒரு காரியம் செய்யலாம். ஸ்டார்ட் மெனுவில் விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, வைரஸ் அண்ட் த்ரெட் புரொடக்‌ஷனுக்குள் போய், மேனேஜ் செட்டிங்ஸில் கடைசி வரை இறங்கினால் எக்ஸ்க்ளூஷன்ஸ் இருக்கும். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். ஒரு முழு டிரைவோ, டவுன்லோட்ஸ் ஃபோல்டரோ இருந்தால் எடுத்துவிட்டு, உண்மையிலேயே தேவைப்படுகிற ஃபோல்டரை மட்டும் போடுங்கள். நீங்களோ உங்கள் சர்வீஸ்காரரோ போடாத பெயர் ஏதாவது கண்ணில் பட்டால், அதை நீக்குங்கள், நெட்டைக் கழற்றிவிட்டு ஆஃப்லைன் ஸ்கேன் போடுங்கள், வங்கி பாஸ்வேர்டை வேறொரு மெஷினிலிருந்து மாற்றுங்கள்.